பொங்கலுக்கு வெள்ளையடிக்க விடாத பூசணம் அண்ணாச்சி

திருநெல்வேலி ஜில்லாவில் பூசணம் அண்ணாச்சி மோந்து பார்க்காத சுவர் கிடையாது. கல்யாண மண்டபம், ரேஷன் கடை, பஸ் ஸ்டாண்டுக் கழிப்பறை எல்லாம் அதில் அடக்கம். மற்றவர்கள் ஒரு வீட்டுக்குள் நுழைந்தால் "சௌக்கியமா" என்று கேட்பார்கள். அவர் நேராகச் சுவருக்குப் போவார். உள்ளங்கையை வைப்பார். மூக்கை வைப்பார். பிறகு திரும்பி வீட்டுக்காரனைப் பார்ப்பார், பிழைக்காத நோயாளியை டாக்டர் பார்ப்பதுபோல.

கொக்கிரகுளம் பக்கம், ஆற்றை ஒட்டிய எங்கள் தெருவில் முக்கு வீடு அவருடையது. அவரும் அவர் சம்சாரம் ஆச்சியும் மட்டும்தான். சொந்தப் பெயர் யாருக்கும் தெரியாது. சுவரில் பிடிக்கிற பூஞ்சையை எங்கள் பக்கம் பூசணம் என்போம், அதுவே அவர் பெயராகிவிட்டது. பூசணம் என்றால் போதும், ஆட்டோக்காரன்கூட வாசலில் கொண்டு நிறுத்துவான். ஒரு பழைய கட்டடத்தில் இருந்த அரசு அலுவலகத்தில் ரெக்கார்ட் ரூம் கிளார்க்காக வேலை பார்த்தவர். மழை பெய்தால் கூரை ஒழுகும். காகிதக் கட்டெல்லாம் கறுப்பும் பச்சையுமாகப் பூத்துவிடும். இவர் மூக்கில் ஒரு துண்டுகூடக் கட்டாமல் வருஷக்கணக்கில் அதைத் தட்டித் தட்டி அடுக்கினார். நெஞ்சு கெட்டுப் போனது. ஓய்வு பெற்ற அன்றைக்கு ஆபீஸில் சால்வை போட்டார்கள். இருமலை அவரே எடுத்துக்கொண்டு வந்துவிட்டார்.

அதிலிருந்து ஊரில் ஒரு சுவரை விட்டு வைக்கவில்லை.

துட்டி கேட்கப் போன வீட்டில்கூட விடவில்லை. பெண்கள் கட்டிப்பிடித்து அழுதுகொண்டிருக்கிறார்கள். இவர் அண்ணாந்து பார்க்கிறார். செத்துப்போனவரின் சம்சாரத்திடம் பைய குனிந்து, "தங்கச்சி, மாடியில தண்ணி கட்டி நிக்கி போல. சீலிங்குல இறங்குது" என்கிறார்.

அந்த அம்மாள் அழுகையை நிறுத்திவிட்டுக் கேட்டாள்: "அண்ணாச்சி, நான் இப்ப அவுகளுக்கு அழவா, சீலிங்குக்கு அழவா?"

"ரெண்டுக்கும் அழு. அவன் இனி வரமாட்டான். சீலிங்கைச் சரி பண்ணிரலாம்."

பாதி நேரம் அவர் சொல்வது தப்பாகத்தான் இருக்கும். பாளையங்கோட்டையில் ஒரு ரிட்டயர்டு வாத்தியார் வீட்டில் ஈசி சேருக்குப் பின்னால் சுவரில் கறுப்பாக ஒரு வட்டம். பார்த்துவிட்டார். மூக்கில் துண்டைக் கட்டிக்கொண்டு, சோப்புத் தண்ணீர் கேட்டு வாங்கி, தேய்க்க ஆரம்பித்துவிட்டார். வாத்தியார் காபியோடு வந்து நிற்கிறார்.

"என்ன செய்யுதிய?"

"பூசணம் சார். இங்கனதான் உக்காருவியளா?"

"ஆமா."

"தும்மல் வருமா? மூக்கு அடைக்குமா? நெஞ்சு கனமா இருக்குமா?"

"அண்ணாச்சி, அது என் தலை எண்ணெய்."

இவர் கொஞ்சமும் அசரவில்லை. "எண்ணெய்னாலும் காத்தாட இருக்கணும்லா" என்று சொல்லிக் காபியை வாங்கிக் குடித்தார்.

இதையெல்லாம் சிரித்துக்கொண்டு சொல்கிறேன். அந்த மார்கழியில் எனக்குச் சிரிப்பே வரவில்லை.

அந்த மார்கழியில் ஆறு தெருவுக்குள் வந்தது. வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர். நானும் என் சம்சாரம் செல்வியும் ரெண்டாங்கிளாஸ் படிக்கிற மகள் தர்ஷினியும் மொட்டைமாடியில் தார்ப்பாயைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். வெள்ளம் வடிந்ததும் சேறு. சேறு வாரி முடிந்ததும் பொங்கல் வேலை.

நம்ம ஊர்க்காரர்களுக்கு ஒரு புத்தி உண்டு. வீடு இடிந்து விழுந்தாலும் பரவாயில்லை, பொங்கலுக்கு வெள்ளையடித்துவிட்டு விழ வேண்டும். சுவர் சொதசொதவென்று நிற்கிறது. விரலால் அழுத்தினால் பூச்சு உள்ளே போகிறது. அதன் மேலேயே பட்டி பார்த்துப் பளபளவென்று பெயிண்ட் அடிக்கிறார்கள், தெரு முழுக்க. சேற்று வாடை போய்ப் பெயிண்ட் வாடை வந்தது. எல்லாருக்கும் சந்தோஷம்.

பூசணம் அண்ணாச்சி வீடு வீடாகச் சண்டைக்குப் போனார். பெயிண்டர் ஏறியிருக்கும் ஏணியைக் கீழே நின்று பிடித்துக்கொள்வார். இறங்கவும் விடமாட்டார், அடிக்கவும் விடமாட்டார்.

"ஏலே, சுவரு குடிச்ச தண்ணியை இன்னும் வெளிய விடல. நீ வாயை அடைக்கியே, அது எங்கன போகும்?"

"அண்ணாச்சி, ஏணியை விடுங்க. பொங்கலுக்கு வெள்ளையடிக்காம தெருவுல தலை காட்ட முடியுமா?"

"தலை காட்டாட்டா சாகமாட்டே. மூச்சு விடாட்டா செத்துருவலே! பூச்சை உரிச்சுப் போட்டுட்டுச் சும்மா விடு. சித்திரை வெயில் அடிக்கட்டும். பெறகு அடி, தங்கத்துல வேணும்னாலும் அடி."

அவர் வீட்டைத் தவிர எல்லா வீடும் பெயிண்ட் அடித்தாயிற்று. எங்கள் வீடும்தான். நான் வாடகைக்குக் குடியிருப்பவன். வீட்டுக்காரர் டவுனில் பாத்திரக்கடை வைத்திருப்பவர். நான் பேட்டையில் என் பட்டறையில் லேத் மெஷினுக்குள் புகுந்த சேற்றை வழித்துக்கொண்டிருந்தபோது ஆளோடு வந்து ரோஸ் கலர் அடித்துவிட்டுப் போய்விட்டார். "சுவரு ஈரமா இருக்குலா" என்று செல்வி கேட்டிருக்கிறாள். "ஃபேனைப் போடும்மா, காஞ்சிரும்" என்றாராம். அந்த மனுஷனை நான் இன்றைக்கும் மன்னிக்கவில்லை. இதைப் படித்தால் படிக்கட்டும்.

கொஞ்ச நாளில் தர்ஷினி இரும ஆரம்பித்தாள். சளி என்று நினைத்தோம். சளி இல்லை. நெஞ்சுக்குள் குக்கர் ஆவி கசிகிற மாதிரி ஒரு சத்தம். மூச்சை இழுக்கும்போது கழுத்துக்குழி உள்ளே போய்ப் போய் வரும். பேசும்போது பாதி வார்த்தையில் நின்று மூச்சு வாங்கிவிட்டு மீதியைச் சொல்வாள். பெற்றவன் ஒருவனுக்கும் அதைப் பார்க்கிற தலையெழுத்து வரக்கூடாது. பட்டறையில் லேத் ஓடுகிற இரைச்சலுக்குள்ளும் எனக்கு அந்தச் சத்தம்தான் கேட்டது. போன் அடித்தால் வேலையை அப்படியே போட்டுவிட்டு ஓடி எடுப்பேன்.

டாக்டரம்மா நல்லவர். மருந்தை மூச்சில் இழுக்கிற பம்ப் கொடுத்து, விடாமல் போடச் சொன்னார். "வெள்ளம் வந்த வீடா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "ஈரச் சுவர்ல பூஞ்சை பிடிக்கும். கண்ணுக்குத் தெரியாத தூசியா காத்துல கலந்து பிள்ளை நெஞ்சுக்குள்ள போகும். சில பேருக்குத் தும்மலோட போயிரும். இவளை மாதிரி இளைப்பு வர்ற பிள்ளைகளுக்கு மூச்சுக்குழாய் சுருங்கிரும். வீட்டை நல்லாப் பாருங்க" என்றார்.

வீட்டைப் பார்த்தேன். ரோஸ் கலரில் கல்யாண வீடு மாதிரி இருந்தது. எங்கே இருக்கிறது பூஞ்சை?

சொந்தக்காரர்கள் ஆளுக்கு ஒன்று சொன்னார்கள். சாம்பிராணி போடு என்றாள் ஒருத்தி. வாசனை ஸ்பிரே அடி என்றான் ஒருத்தன். இளைக்கிற பிள்ளை இருக்கிற வீட்டில் புகையைப் போடச் சொல்கிறவர்களை என்ன செய்வது? செல்வி பயத்தில் சாம்பிராணியும் போட்டாள். பிள்ளைக்கு அன்றைக்கு இன்னும் மோசம். சட்டியைத் தெருவில் வீசினேன்.

மறுநாள் காலையில் கூப்பிடாமலேயே பூசணம் அண்ணாச்சி வந்தார். கையில் ஒரு பாலித்தீன் பை, செல்லோ டேப், கத்தரிக்கோல். பையை வெட்டி விரித்து ரோஸ் சுவரில் வைத்து நாலு பக்கமும் டேப் ஒட்டினார்.

"என்ன அண்ணாச்சி இது?"

"சுவருக்கு ஸ்கேன். நாளைக்கு ரிப்போர்ட்டு. கவருக்கு மேல முத்து முத்தாத் தண்ணி நின்னா உன் வீட்டுக் காத்துல ஈரம். உள்பக்கம் நின்னா சுவருக்குள்ள ஈரம்."

அடுத்த நாள் உள்பக்கம் வேர்த்து வழிந்தது. அண்ணாச்சிக்கு அவ்வளவு பெருமை. பத்திரிகை வைக்கப் போகிறவர்போலத் தெருவில் எல்லாரையும் கூப்பிட்டுக் காட்டினார். பிறகு என்னையும் சேர்த்துக்கொண்டு பீரோவை நகர்த்தினார். பீரோவைச் சுவரோடு ஒட்டிப் போட்டிருந்தோம், எல்லாரும் போடுகிற மாதிரி. பின்னால் பெயிண்ட் கொப்பளித்து, உரிந்து, அதற்குள் கறுப்பாகப் புள்ளி புள்ளியாகப் படர்ந்திருந்தது. புதுப் பெயிண்ட் அடித்துப் பதினைந்து நாள்கூட ஆகவில்லை.

"பீரோவுக்கும் சுவருக்கும் நடுவுல ஒரு கை நுழையணும்லே. காத்து எங்கன போகும், பீரோவுக்குள்ளயா?"

உரிக்க வேண்டியதுதான் என்று முடிவு செய்தோம். பிள்ளையைப் பக்கத்து வீட்டில் விட்டோம். பூஞ்சையை உலர்ந்தபடி விளக்குமாற்றால் தட்டினால் வீடு முழுக்கப் பறக்கும் என்று அண்ணாச்சி கத்தினார். தண்ணீரைத் தெளித்து நனைத்து, மூக்கில் துணியை இறுகக் கட்டிக்கொண்டு, வெள்ளம் நின்ற உயரத்துக்கும் கொஞ்சம் மேல்வரை பூச்சைக் கொத்தினேன். வீட்டுக்காரர் மொபெட்டில் பறந்து வந்தார்.

"ஏன்வே, என் சுவரை உடைக்கீரு! நேத்துத்தான் பெயிண்ட் அடிச்சேன்!"

நான் வாயைத் திறந்தால் கெட்ட வார்த்தைதான் வரும் என்பதால் அண்ணாச்சி முந்திக்கொண்டார். "உம்ம சுவருக்குக் காமாலைவே. உமக்கு ரோஸ் பவுடர் பூசத் தெரியுது, வைத்தியம் பண்ணத் தெரியல."

"நீரு யாரு, என் வீட்டு விஷயத்துல?"

"வாரும், இங்கன மூக்கை வையும். ரெண்டு நிமிஷம் வச்சுட்டீர்னா நான் இந்தத் தெருவை விட்டே போயிருதேன்."

வீட்டுக்காரர் மூக்கை வைக்கவில்லை. மொபெட்டைத் திருப்பிக்கொண்டு போய்விட்டார்.

சுவரெல்லாம் இடுப்புக்கு மேல்வரை செங்கல் பல்லைக் காட்டியது. எதிரெதிர் ஜன்னலைப் பகலெல்லாம் திறந்து போட்டோம். ஈரத்துணியை உள்ளே கொடியில் போடுவதை நிறுத்தினோம். பீரோவை அறை நடுவே நிறுத்தியதில் நான் தினமும் இடித்துக்கொண்டேன். எல்லாம் செய்தாயிற்று.

பிள்ளைக்குக் குறையவில்லை.

அதுதான் எனக்குத் தாங்கவில்லை. பம்ப் போட்டால் கொஞ்ச நேரம் அடங்கும். படுத்து எழுந்தால் மறுபடி அந்தச் சத்தம். ஒரு நாள் சாயந்திரம் அண்ணாச்சி வழக்கம்போல உள்ளே வந்து, கட்டில் மெத்தையில் பொத்தென்று உட்கார்ந்து, "சுவரு எப்படி இருக்கு?" என்று கேட்டார்.

எனக்கு வந்ததே கோபம்.

"சுவரு நல்லா இருக்கு அண்ணாச்சி! பிள்ளைதான் நல்லா இல்ல! சுவரைக் கேக்கியளே, பிள்ளையைக் கேட்டியளா? உங்க பேச்சைக் கேட்டு வீட்டை உரிச்சிப் போட்டேன். இப்ப என்னத்தை உரிக்க, என் தோலையா?"

"லே, நீ பதறாத. சுவரு காய நாளாகும். இங்கன ஒரு ஓரத்துல..." என்று கட்டிலில் கையை அடித்து அடித்து விளக்கினார். ஒவ்வொரு அடிக்கும் ஒரு இருமல். பிறகு பேச்சு நின்றது. கண் பிதுங்கியது. நெஞ்சைப் பிடித்துக்கொண்டு சாய்ந்தார். என் மகளிடம் கேட்கிற அதே சத்தம், நாலு மடங்கு பெரிதாக, அவர் நெஞ்சிலிருந்து வந்தது. பயந்துபோன தர்ஷினிக்கும் இளைப்பு ஏறியது. நான் கத்தினேன், செல்வி அழுதாள், யாரோ ஆட்டோ பிடித்தார்கள். ஒரு ஆட்டோவில் இரண்டு நெஞ்சு விசில் அடித்துக்கொண்டு போனது. ஆற்றுப் பாலத்தைத் தாண்டுவதற்குள் எனக்கு உயிர் போய் வந்தது.

ஆஸ்பத்திரியில் சீட்டு எழுதுகிற பெண் கேட்டாள்: "பெரியவர் பேரு?"

எனக்கு வேறு என்ன தெரியும்? "பூசணம்" என்றேன்.

"இனிஷியல்?"

அதற்குள் ஆச்சி பின்னாலேயே வந்து உண்மையான பெயரைச் சொன்னாள். அதை இங்கே எழுதி ஒரு பிரயோஜனமும் இல்லை. அந்தப் பெயரைச் சொன்னால் எங்கள் தெருவில் யாருக்கும் ஆளைத் தெரியாது.

பெஞ்சில் இரண்டு பேரையும் பக்கத்தில் பக்கத்தில் உட்காரவைத்து முகமூடி மாட்டி மருந்துப் புகையை விட்டார்கள். தர்ஷினிக்குப் பழக்கம், ஒழுங்காக இழுத்தாள். அண்ணாச்சி முகமூடிக்குள் ஏதோ பேசப் பார்த்தார். "மெ... மெ..." என்றார். ஆச்சி வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். கடைசி வார்த்தை என்றே நானும் நினைத்தேன்.

"தாத்தா, பேசாம மூச்சை இழுங்க. பேசுனா மருந்து வேஸ்ட்டாப் போகும்" என்றாள் என் மகள்.

அவர் முகமூடியைப் பிடுங்கிக் கழற்றினார். "மெத்தைலே! சுவரு இல்ல, மெத்தை! அது மேல உக்காந்துகிட்டே சுவரைப் பாத்திருக்கேனே, நான் ஒரு மடையன்!"

நர்ஸ் திட்டி மறுபடி மாட்டிவிட்டாள்.

 அந்த மெத்தை எங்கள் கல்யாணத்துக்கு மாமனார் கொடுத்த சீர். ஆழ்வார்குறிச்சியில் அவருடைய தோட்டத்து இலவம்பஞ்சு. வெள்ளத்தில் ஊறிக் கிடந்ததை மாடியில் போட்டு மார்கழி வெயிலில் நாள் கணக்கில் புரட்டிப் புரட்டிக் காயவைத்தாள் செல்வி. தொட்டால் மொறமொறவென்று இருந்தது. மேலே புது விரிப்பு. பிள்ளையை அதில்தான் படுக்கவைத்தோம், தரை ஈரம் ஆகாது என்று.

வீட்டுக்கு வந்ததும் பிள்ளையை ஆச்சியிடம் விட்டுவிட்டு, மெத்தையைப் பின்வாசலுக்குத் தூக்கிப்போய், மூக்கைக் கட்டிக்கொண்டு அரிவாளால் ஒரு கீறு கீறினேன். உள்ளே பஞ்சு இல்லை. கட்டி கட்டியாகப் பச்சையும் கறுப்புமாக என்னமோ இருந்தது. சாம்பல் மாதிரி ஒரு தூசி எழும்பியது. அதன் மேல்தான் என் மகள் முகத்தை வைத்துப் படுத்திருந்தாள். எனக்கு அழுகை வரவில்லை. யாரையாவது அடிக்க வேண்டும்போல இருந்தது. ஆற்றைப் போய் அடிக்க முடியுமா?

தலையணைகளையும் சேர்த்துப் பிளாஸ்டிக் சாக்கில் கட்டிக் குப்பை வண்டியில் ஏற்றினேன். செல்வி சாக்கைப் பிடித்துக்கொண்டே கொஞ்ச தூரம் வந்தாள்.

"எங்க அப்பா பொங்கப்படிச் சீர் கொண்டு வருவாக. கட்டிலைப் பாத்தா என்ன சொல்லுவேன்?"

"பிள்ளையைக் காட்டு" என்றேன். சொல்லிவிட்டேனே தவிர, எனக்கும் பயம்தான். மெத்தை போயும் பிள்ளைக்குச் சரியாகாவிட்டால் அடுத்து என்ன செய்வது?

நம்ம ஆட்களுக்கு நேராக ஒன்று சொல்கிறேன். வெள்ளத்தில் ஊறின மெத்தை மெத்தை அல்ல. யார் கொடுத்த சீராக இருந்தாலும் சரி.

பொங்கலுக்கு முந்தின நாள் மாமனார் கரும்பும் பனங்கிழங்கும் அரிசியுமாக வந்து இறங்கினார். வாசலிலேயே நின்றுவிட்டார்.

"என்ன மாப்பிள்ள, பொங்கலும் அதுவுமா வீடு மூளியா நிக்கி? வெள்ளையடிக்க வக்கில்லையா?" உள்ளே எட்டிப் பார்த்தார். "ஏ செல்வி, கட்டில் சும்மா கிடக்கு. மெத்தையை எங்க?"

செல்வி என்னைப் பார்த்தாள். நான் தொண்டையைச் சரி செய்தேன். அதற்குள் பின்னாலிருந்து குரல் வந்தது.

"நான்தான் தூக்கிப் போடச் சொன்னேன். நீங்க குடுத்த மெத்தைதான் பிள்ளை மூச்சைப் பிடிச்சிருக்கு."

மாமனார் திரும்பினார். "நீரு யாருவே?"

"பூசணம்" என்றார் அண்ணாச்சி, நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு.

"அது என் தோட்டத்துப் பஞ்சுவே! நானே நின்னு அடைக்க வச்சது!"

"தோட்டத்துல இருந்தவரைக்கும் தங்கமான பஞ்சுதான். ஆத்துத் தண்ணியைக் குடிச்ச பெறகு அது விஷம். உம்ம பஞ்சைக் கொறை சொல்லல. ஆத்தைச் சொல்லுதேன்."

மாமனாருக்கு மூக்கு விடைத்தது. பெரிய சண்டை வரும் என்று நான் கரும்பை ஓரமாகச் சாய்த்து வைத்தேன். அப்போது தர்ஷினி தெருவில் இருந்து, "தாத்தா" என்று கத்திக்கொண்டே ஓடி வந்து மாமனார் இடுப்பில் தொற்றினாள். போன வாரம் போனில் அந்தத் தாத்தாவோடு பேசியபோது ஒரு வாக்கியத்துக்கு மூன்று தரம் நின்ற பிள்ளை. இப்போது பள்ளிக்கூடத்துக் கதை முழுவதையும் ஒரே மூச்சில் சொன்னாள். மாமனார் கதையைக் கேட்டமாதிரி தெரியவில்லை. அவளுடைய கழுத்துக்குழியையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாயாவது இருக்கா?" என்றார் கடைசியில்.

"வாங்கணும் மாமா."

"நான் வாங்கிட்டு வாரேன்." அண்ணாச்சியைப் பார்த்து, "நீரும் வாரும்வே. எந்தப் பாய்ல பூசணம் பிடிக்காதுன்னு நீரே மோந்து பாத்து எடும்" என்றார். இருவரும் கடைக்குப் போய் அங்கேயும் சண்டை போட்டார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன்.

பொங்கல் அன்று மத்தியானம் சாப்பாடு முடிந்ததும் தர்ஷினி அந்தப் பாயில் தூங்கிவிட்டாள். சுவரை விட்டுத் தள்ளி, இரண்டு ஜன்னலுக்கும் நடுவில். அண்ணாச்சி பைய வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். குனிந்து அவள் நெஞ்சருகே காதை வைத்தார். நான் மூச்சை அடக்கிக்கொண்டு அவர் முகத்தைப் பார்த்தேன். செல்வி அடுப்படி வாசலில் கரண்டியோடு அப்படியே நின்றாள்.

"சத்தம் இல்லலே" என்றார்.

பிறகு அங்கேயே கட்டில் காலில் சாய்ந்து, வாயைத் திறந்துகொண்டு தூங்கிப்போனார். பிள்ளையின் நெஞ்சு ஏறி இறங்குவதுகூடக் கேட்கவில்லை. கிழவர் நெஞ்சில் மட்டும் விசில் கேட்டுக்கொண்டே இருந்தது. எழுந்து போய் டேபிள் ஃபேனை அவர் பக்கம் திருப்பி வைத்தேன்.